டிசம்பர் 24: வடஆற்காட்டுப் பெயர்கள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். காட்பாடியில் எங்கள் தெருப் படிப்பகத்தில், ஒரே தேதியில் மறைந்தவர்களைப் பற்றி ஒரு தட்டி வைக்கப்போகிறோம். டிசம்பர் 24-ஐ எடுக்கக் காரணம் வேலூர்தான். 1973-இல் பெரியார் தமது 94-ஆவது வயதில் கண் மூடியது இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1987-இல், அதே தேதியின் அதிகாலையில் எம்.ஜி.ஆர். சென்னையில் காலமானார். அவரோடு 'மலைக்கள்ளன்' படத்தில் நடித்த பானுமதியும் 2005-இல் இதே நாளில்தான் போனார். (வாஸ்கோ ட காமாவும் உண்டு, 1524, கொச்சி. அவருக்குத் தட்டியில் இடம் தருவதா என்று இங்கே ஒரே சண்டை!)

ராஜாஜியைச் சேர்க்கச் சொல்லிப் பலர் சொல்கிறார்கள். அவர் மறைந்தது 1972 டிசம்பர் 25, அதனால் முடியாது.

எனக்கு வேண்டியது இரண்டு. பெரியார் மறைந்த அன்று வேலூர் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அந்த வாரத்துப் பத்திரிகை இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம், ஆம்பூர், குடியாத்தம், ஆரணி பக்கம் இதே தேதியில் மறைந்த புலவர், கூத்துக் கலைஞர், தியாகி யாராவது உண்டா? கல்வெட்டிலோ மலரிலோ தேதி இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் மட்டும் வேண்டாம்.