தொகுதியா, முறைமையா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கொக்குவிலிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். இடர்காலத்தில் அரச நிர்வாகம் எப்படிப் புதிதாக இயங்கலாம் என்று பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கு ஒரு பயிற்சிக் கைநூல். தமிழாக்கம் என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புத்தாக்கம், ஆளுகை இரண்டும் பழகிய சொற்கள், சிக்கல் இல்லை. நான் மாட்டிக்கொண்டது ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’ என்பதில். சிங்களப் பிரதியில் ‘பத்ததி சிந்தனய’ என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நமக்குப் பத்ததி என்றால் குருக்களின் பூசைப் புத்தகம்.

கருத்து இதுதான்: ஒரு பிரச்சினையைத் தனியே பிய்த்தெடுக்காமல், அது எவற்றோடெல்லாம் கோத்துக் கிடக்கிறது, இங்கே ஒன்றை அசைத்தால் எங்கே, எவ்வளவு பிந்தித் திருப்பி அடிக்கும் என்று பார்ப்பது. கைநூலின் உதாரணம் இலங்கையின் 2021 உரத்தடை. மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். இயற்கை வேளாண்மை என்றார்கள். டொலரை மிச்சம் பிடிக்கும் எண்ணமும் உள்ளே இருந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்துவிட்டது. பெரும்போக விளைச்சல் விழுந்து, அடுத்த வருடம் அரிசிக்கு டொலர் தேட வேண்டி வந்தது. இப்படி ஒன்று வரும் என்று முதலே பார்க்கிற பார்வைக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

கோப்பாயிலிருந்து, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:

பிள்ளை, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? தொகுதி. சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி, சூரியத் தொகுதி, சூழற்றொகுதி. தமிழ்நாட்டில் நரம்புக்கு மண்டலம், சூரியனுக்குக் குடும்பம் என்று இடத்துக்கொரு சொல். நாங்கள் ஒரே கருத்துக்கு ஒரே சொல்லை வைத்து ஒரு தலைமுறையையே படிப்பித்திருக்கிறோம். தொகுதிச் சிந்தனை என்று எழுதி அனுப்பும்.

நீர்வேலியிலிருந்து, மென்பொருள் வேலை:

மாஸ்டர் கோபிக்கக் கூடாது. ‘தொகுதிச் சிந்தனை’ என்று அட்டையில் கண்டால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் நரம்பு ஞாபகம் வராது. எம்.பி. ஒருவர் தன்னுடைய தொகுதிக்கு மட்டும் வீதி போடுகிற சிந்தனை என்றுதான் நினைப்பார்கள். கைநூல் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். அதுவும் ஆளுகை பற்றிய புத்தகத்தில்!

சிஸ்டம் என்றே விட்டால் என்ன? வங்கியில் ‘சிஸ்டம் வேலை செய்யவில்லை’ என்றால் ஆச்சிக்கும் விளங்குகிறது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போகிறா.

இணுவிலிலிருந்து, தமிழாசிரியர்:

சிஸ்டம் என்று எழுதுவதற்கு இந்தக் குழு எதற்கு? அமெரிக்காவிலிருந்து மானிப்பாய்க்கு வந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பிக்கச் சொல் தேடி அலைந்தார். நீர்வேலியில் பிறந்த தம்பிக்கு அலுப்பாக இருக்கிறது.

மாஸ்டர் வேரைச் சரியாகப் பிடித்தார், விகுதியில் தவறிவிட்டார். தொகுதல் என்றால் கூடுதல் மட்டுமல்ல, மறைதலும்தான். வேற்றுமைத் தொகையில் உருபு தொக்கி நிற்கிறது என்கிறோம் அல்லவா? பனங்கட்டியை எடுங்கள். பனை, கட்டி என்று இரண்டு சொல். நடுவில் ஏறுகிறவர், முட்டி, சுண்ணாம்பு, கருப்பணி, விறகு, காய்ச்சுகிறவரின் பொறுமை எல்லாம் மறைந்து நிற்கின்றன. உறுப்புகள் கூடியிருப்பது கண்ணுக்குத் தெரியும், அவற்றின் உறவு தெரியாது. அதைத்தானே பார்க்கச் சொல்கிறார்கள்?

அடுத்து, சிந்தனை வடசொல். நமக்கு ‘நோக்கு’ இருக்கிறது. தொல்காப்பியர் அதைச் செய்யுள் உறுப்பாகவே வைத்தார்: ‘மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே.’ சிறிய மாத்திரையிலிருந்து அடி முழுவதும் ஒருங்கே பார்க்க வைப்பது நோக்கு. ஆகவே, தொகைநோக்கு.

நீர்வேலி:

ஐயா, பனங்கட்டி விளக்கம் அருமை, உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் தொகைநோக்கு என்று கணக்குக் கிளையில் கொடுத்தால், ‘எவ்வளவு தொகை?’ என்று கேட்பார்கள்.

சென்னையிலிருந்து, அகராதிப் பணி:

இங்கே ‘அமைப்பு’ புழக்கத்தில் இருக்கிறது. அமைப்புச் சிந்தனை எளிது, யாருக்கும் புரியும். புறநானூறு 18ஐயும் ஒருமுறை பாருங்கள். ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்று சொல்லி, உணவென்பது நிலத்தோடு சேர்ந்த நீர் என்று காட்டி, ஆகவே குளம் கட்டு என்று பாண்டியனுக்குக் குடபுலவியனார் சொல்கிறார். உயிர், உணவு, நிலம், நீர், அரசன் புகழ் எல்லாம் ஒரே சங்கிலியில். எந்தப் பயிற்சிக் கைநூலுக்கும் இதைவிட நல்ல முதல் பக்கம் கிடைக்காது.

கொக்குவில்:

புறநானூற்றை எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ‘அமைப்பு’ வேண்டாம் அண்ணா. இங்கே அமைப்பு என்றால் முதலில் ‘எந்த அமைப்பு?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு வரலாறு உண்டு.

கோப்பாய்:

குளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய வில்லையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்தால் கிணறும் இளைப்பாறியது. இயந்திரம் களைக்காது. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறும். மேலிருந்து தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்றை இறக்கும். விவசாயத்துக்கு ஒரு கந்தோர், குடிநீருக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, கிணறு மட்டும் ஒன்றுதான். இதைத் தொகுதி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? நாலு வருடத்துக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்காக நல்ல சொல்லைக் கைவிட வேண்டுமா?

நீர்வேலி:

ஐந்து வருடம், மாஸ்டர்.

கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். 1972 ஒக்ரோபரில் சிலியில் லொறி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, அலெண்டே அரசு தொழிற்சாலைகளை, கம்பிவழி எழுத்துச் செய்தி அனுப்பும் ரெலெக்ஸ் இயந்திரங்களால் இணைத்து வைத்திருந்தது. ஸ்ரபோர்ட் பியர் என்ற ஆங்கிலேயர் வகுத்த திட்டம். எங்கே பொருள் இருக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற செய்தி அந்தக் கம்பிகளில் ஓடியது. இருந்த லொறிகளை வைத்துச் சமாளித்தார்கள். அடுத்த வருடம் இராணுவப் புரட்சியோடு எல்லாம் முடிந்தது. என்னைக் கவர்ந்தது ரெலெக்ஸ் என்ற பழைய சாமான்தான். புத்தாக்கம் என்றால் புதுப் பொருள் வாங்குவது என்று நம் திணைக்களங்கள் நினைக்கின்றன.

வடமராட்சியிலிருந்து, கிராம அலுவலர்:

ஐயாமாருக்கு வணக்கம். நான் வழமையாக வாசிப்பதோடு சரி. இந்தக் கைநூல் கடைசியில் என் கையில்தான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

2022 இல் பெற்றோல் வரிசை ஏன் நீண்டது? எண்ணெய் இல்லை, அது முதற் காரணம். ஆனால் வரிசையைப் பார்த்தே ஆட்கள் பயந்து, அரைத் தாங்கி இருந்தவரும் போய் நின்றார். அதனால் வரிசை இன்னும் நீண்டது, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். யூலையில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. மிகக் குறைவுதான். ஆனாலும் அடுத்த கிழமையும் 4 லீற்றர் உண்டு என்று தெரிந்ததும் இரவிரவாக நிற்பது குறைந்தது. எண்ணெய்க் கப்பல் வந்ததும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை.

அந்த நேரம் எங்கள் பக்கத்தில் வேறொரு கூத்து. படகுக்கும் மண்ணெண்ணெய், வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கவும் மண்ணெண்ணெய். கடலுக்கு ஒரு பட்டியல், தோட்டத்துக்கு ஒரு பட்டியல் கேட்டார்கள். இரண்டும் வெவ்வேறு மேசைக்குப் போயின. பவுசர் ஒன்றுதான் வந்தது. இரண்டு பட்டியலோடும் நான் நடுவில் நின்றேன், இரண்டு பகுதியிடமும் பேச்சு வாங்கினேன். அன்றைக்கு இரண்டையும் ஒரே தாளில் எழுதும் என்று யாராவது சொல்லியிருந்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் நான் வாய்விட்டுச் சொல்லும்போது யாரும் சிரிக்கக் கூடாது.

கொக்குவில்:

அக்கா எழுதியதை, அனுமதி தந்தால், பெயரில்லாமல் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன்.

நாளை வெள்ளி. ‘தகவல் முறைமை’ அரச கடிதங்களில் ஏற்கெனவே இருப்பதால் ‘முறைமைச் சிந்தனை’ என்று முடிக்கலாமா?

இணுவில்:

முறைமை என்றால் ஒழுங்கு, நீதி, வழக்கம். உரத்தடையில் எந்த ஒழுங்கைக் கண்டீர்கள்? போதாததற்கு நம்மூரில் முறை என்றதும் மச்சாள்தான் நினைவுக்கு வருகிறாள். என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். வேறு வழியில்லையென்றால் ‘முறைமை நோக்கு’ என்றாவது போடுங்கள்.

சென்னை:

முறைமைச் சிந்தனைக்கு என் ஆதரவு. புரிகிறது, அது போதும்.

நீர்வேலி:

எனக்கும் சரி. களைத்துவிட்டேன்.

வடமராட்சி:

சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. பெட்டிச் செய்திக்கும் சம்மதம்.

கொக்குவில்:

அப்போ முறைமைச் சிந்தனை. முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

கோப்பாய்:

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், மனம் வணங்கவில்லை. என்னிடம் வந்து கேட்கிற பிள்ளைக்குத் தொகுதி என்றுதான் சொல்லுவேன்.

நீர் பார்வைக்கு அனுப்பிய பிரதியை இரவு முழுக்க வாசித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் கடனீரேரி பற்றிய பகுதியில் ‘சூழற்றொகுதி’ என்று நீரே ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர். அதையும் சூழல் முறைமை என்று மாற்றப் போகிறீரா, விடப் போகிறீரா? வெள்ளிக்கு முன் சொல்லும்.