பிச்சியா ஈஸ்டில புரதம் வந்திட்டுக் காணாமல் போகுது, உதவி தேவை

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன லாப்பில கோழித்தீனுக்குப் போடுற ஃபைட்டேஸ் (தீனில இருக்கிற பொஸ்பரசைக் கோழிக்குக் கிடைக்கச் செய்யிறது) என்சைமை ஈஸ்டில செய்யப் பாக்கிறம், வன்னியில கோழி வளக்கிற சனத்துக்குத் தீன் விலைதான் பெரிய பாரம், அதால இது எப்பிடியும் சரிவரவேணும்.

ஈஸ்ட் பிச்சியா பாஸ்டோரிஸ் ஜிஎஸ்115, ஜீனை ஈஸ்டுக்குள்ள கொண்டு போற வெக்டர் பிபிஐசி9கே, மெதனால் விட்டா ஜீனை இயக்கிற ஏஓஎக்ஸ்1 ப்ரொமோட்டர், புரதத்தை வெளிய சுரக்க ஆல்ஃபா ஃபேக்டர் சிக்னல். கிளிசரோலில வளத்து, பிறகு மெதனால் மீடியத்துக்கு மாத்தி 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 0.5% மெதனால் விடுறம் (இதுதான் தூண்டல்). முதல் நாள் ஜெல்லில மெல்லிசா ஒரு பேண்ட் தெரியுது, மூண்டாம் நாள் அதுவும் இல்ல, கீழ ஸ்மியர் (துண்டுபட்ட புரதத்தின்ர தீற்றல்) மட்டும்தான். செல்லை உடைச்சுப் பாத்தா உள்ளுக்கயும் ஒண்டும் தேங்கேல்ல.

பிசிஆரில ஜீன் இருக்கு, எம்ஆர்என்ஏயும் வருது. கிளிசரோல் மிஞ்சினா ஏஓஎக்ஸ்1 அடங்கிப்போகும் எண்டபடியா செல்லைக் கழுவித்தான் மாத்தினம். புரதம் வெட்டுப்படாமல் இருக்க பிஎச் 6ல இருந்து 5க்கு இறக்கியாச்சு, காசமினோ அசிட் 1%, பிஎம்எஸ்எஃப் எல்லாம் போட்டாச்சு, ஜீன் கனக்கப் பிரதி இருக்கிற செல்லைத் தெரிய ஜி418 மருந்தைக் கூட்டி வேற குளோனும் எடுத்தாச்சு.

எனக்குச் சந்தேகம் சூட்டிலதான். ஷேக்கரில கூலிங் இல்ல, சித்திரை வெயிலுக்குப் பகலில 35 பாகையும் போகுது, தூண்டல் நேரத்தில சூடு 30 பாகையைத் தாண்டாமல் இருக்கிறதுதான் நல்லது. மெதனால் இல்லாமலே இயங்கிற ஜிஏபி ப்ரொமோட்டருக்கு மாறச் சொல்லினம், ஆனா புரதத்தை வெட்டுற புரோட்டியேஸ் அங்கயும் இருக்குமே.

கூலிங் ஷேக்கர் இல்லாமல், மூண்டு நாள் தூண்டலையும் 25 பாகைக்குக் கிட்ட வைச்சு ஆராவது செய்திருக்கிறியளோ, எப்பிடிச் செய்தனியள்?