வெளிநாட்டுக் கிடா இறக்குமதி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் சேலம் கருப்பு ஆடு வளர்க்கிறோம். என் மச்சான் வெளிநாட்டிலிருந்து ரெண்டு போயர் கிடா (தென்னாப்பிரிக்க இறைச்சி ஆட்டு இனம்) கொண்டு வந்தே தீருவேன் என்று நிற்கிறார். இங்கேயே போயர் கலப்பு கிடைக்கிறதே என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். சரி, விசாரிப்போம் என்று இறங்கினேன்.

1898ஆம் வருடத்துக் கால்நடை இறக்குமதிச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. ஆடு அங்கே கப்பலோ விமானமோ ஏறும் முன்பே டெல்லியில் உள்ள மத்திய கால்நடைத் துறையின் சுகாதார அனுமதி கையில் இருக்க வேண்டும். அந்த நாட்டு அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். வந்து இறங்கியதும் தனிமைக் கொட்டகை, ரத்தப் பரிசோதனை.

கேள்விகள் இவை. சேலத்துக்குப் பெங்களூர்தான் பக்கம். அங்கேயும் மத்திய அரசின் தனிமைப்படுத்தும் நிலையம் இருக்கிறது. ஆடுகளை அங்கே இறக்கியவர்கள் உண்டா, இல்லை சென்னை பள்ளிக்கரணை நிலையம்தான் வசதியா? தீவனச் செலவு யார் தலையில்? ஒரு ஏஜென்ட் "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்கிறார், எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் முக்கியமான பயம் ஒன்று. ஜோன்ஸ் நோய் (ஆட்டின் குடலைத் தாக்கும் தொற்று) உள்ளே இருந்தாலும் வெளியே தெரிய வருடக்கணக்கில் ஆகலாமாம். அரசு விடுவித்த பிறகும் பட்டியில் எத்தனை நாள் தனியாகக் கட்டினீர்கள்? மறுபடி பரிசோதித்தீர்களா?