இரண்டு மணிநேர மனவடுச் சிகிச்சை அமர்வுகள் அம்மாவுக்கு ஏற்றவையா?

வன்னிமகள்

வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் வசிக்கிறோம். 2009இல் முள்ளிவாய்க்காலில் என் தம்பியைப் பறிகொடுத்த அம்மா, டிசம்பர் 31 இரவு இங்கு வாணவேடிக்கை தொடங்கியதும் விளக்குகளை அணைத்துவிட்டு, குளியலறைத் தரையில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு விடியும்வரை இருப்பார். முன்பு ஐம்பது நிமிட ஆலோசனைக்குச் சென்றபோது, தம்பியைப் பற்றி வாய்திறக்கும் வேளையில் நேரம் முடிந்துவிடும். அழுதபடியே பேருந்தில் வீடு திரும்புவார். மூன்றாவது தடவைக்குப் பிறகு போக மறுத்துவிட்டார். இப்போது வேறொரு சிகிச்சையாளர் ஒவ்வோர் அமர்வும் 90 முதல் 120 நிமிடங்கள் வரை நீளும் என்கிறார். நீரிழிவு உள்ள 63 வயதுப் பெண்ணுக்கு இது தாங்குமா? மொழிபெயர்க்க நானே உடன் இருக்கலாமா?

யாழ் உளவளத்துணையாளர்

அன்புச் சகோதரி, நீங்கள் குறிப்பிடும் நேர அளவைப் பார்த்தால், ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் மேகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய, சுருக்கமாக 'நெட்' (Narrative Exposure Therapy, வாழ்க்கைக் கதையைச் சொல்லவைத்து மனவடுவை ஆற்றும் முறை) எனப்படும் சிகிச்சையாக இருக்கலாம். சிகிச்சையாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் தொடக்கத்தில் தரையில் ஒரு கயிற்றை விரித்து, பிறப்பிலிருந்து இன்று வரையான வாழ்க்கையாக அதைக் கொண்டு, நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைப்பார்கள். அடுத்த அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து, அன்று கண்டது, கேட்டது, மணந்தது, உடல் உணர்ந்தது அனைத்தையும் நடந்த ஒழுங்கிலேயே நிதானமாகச் சொல்ல வைப்பார்கள். நேரம் இதற்காகவே தேவைப்படுகிறது. ஷெல் விழுந்த கணத்தோடு கதையை நிறுத்தினால் அவர் அந்தக் கணத்திலேயே நிற்பார். அதைக் கடந்து, பின்னர் என்ன நடந்தது, எப்படித் தப்பினார் என்பது வரை வந்து, இன்று தாம் பாதுகாப்பான அறையில் இருப்பதை உணர்ந்த பின்னரே எழுந்து செல்ல வேண்டும். உங்கள் அம்மா பேருந்தில் அழுதுகொண்டு வந்தது அவருடைய பலவீனம் அல்ல, பாதியில் நிறுத்தப்பட்டதன் விளைவு என்றே எனக்குப் படுகிறது.

சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 சிறுவர்களுடன் நடந்த ஆய்வில் இதன் சிறுவர் வடிவம் ஆறு அமர்வுகளாக வழங்கப்பட்டது. தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற சிறுவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மனநலம்_சென்னை

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீளமே மருந்து என்று எண்ணிவிட வேண்டாம். உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த, நினைவை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் சிகிச்சையில் அமர்வு வழக்கமாக 90 நிமிடம். ஆனால் அவரும் ஆய்வாளர் வான் மின்னனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நினைவை எதிர்கொள்ளும் பகுதியை அறுபது நிமிடத்திலிருந்து முப்பதாகக் குறைத்தவர்களும் ஒத்த பயனே பெற்றனர். ஆகவே அம்மா களைத்துப்போனால் இடைவேளை எடுப்பது சிகிச்சையைக் கெடுத்துவிடாது. சர்க்கரை நோய் இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். உணவு வேளையை ஒட்டி அமர்வு அமையக் கூடாது, கையில் ஏதாவது இனிப்பு இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் எப்போதாவது வெளிப்பட்டிருந்தால் அதையும் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

கனகராயன்

மொழிபெயர்க்க நீங்கள் இருக்க வேண்டாம், தங்கச்சி. என் அப்பாவுக்கு நானே மொழிபெயர்த்தேன். தடுப்பு முகாமில் தமக்கு நேர்ந்ததை அவர் ஒரு தடவையும் முழுமையாகச் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் "அதெல்லாம் முடிந்துபோன கதை" என்று திரும்பிவிட்டார். வெளியிலிருந்து ஒருவர் மொழிபெயர்க்க வந்த பிறகுதான் அவரால் பேச முடிந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தப் பக்கம் என்று அப்பா முதலில் விசாரித்தார். நம்மவர்களுக்கு அந்த அச்சம் இயல்பானது. ஆகவே அம்மாவுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, உங்கள் நகரத்தில் அறிமுகமில்லாத ஒருவர் வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு, முதல் அமர்வுக்கு முன்பே சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை சொல்லப்படுவதால், 120 நிமிடம் உங்களுக்குத் தோன்றும் அளவுக்கு நீளமானதும் அல்ல. நீங்கள் வெளியே காத்திருந்து, முடிந்ததும் பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து வந்தால் போதும்.