3200 என்று விற்ற ராம் 2133இல் ஓடுகிறது: இது ஏமாற்றா, இல்லையா?

கொக்குவில்_எடிட்டர்:
யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடையில் கணினிக்கு 8 ஜிபி ராம் (மெமரி) இரண்டு வாங்கிப் பூட்டினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் டிடிஆர்4 3200 என்று இருக்கிறது. விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் பார்த்தால் வேகம் 2133. சரி, விண்டோஸ்தான் பிழையாகக் காட்டுதாக்கும் என்று சிபியு-இசட் என்ற, கணினியின் உள்விபரம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், அது 1066 என்கிறது! கலியாண வீடியோ எடிட் பண்ணுகிற மெசின், காசு சேர்த்து வாங்கின சாமான். கடைக்குப் போன் எடுத்தால் "அது அப்படித்தான் தம்பி காட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லுவது?

பழைய_சோல்டர்:
தம்பி, முதலில் அந்த 1066ஐ விடுங்கோ, அதில் ஒரு களவும் இல்லை. டிடிஆர் மெமரி ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு தரம் தரவு அனுப்பும். சிபியு-இசட் காட்டுவது கடிகாரத்தை, டாஸ்க் மனேஜர் காட்டுவது தரவு வேகத்தை. 1066ஐ இரண்டால் பெருக்கினால் உங்கட 2133 வந்துவிடும். 3200 ராம் சரியாக ஓடினாலும் சிபியு-இசட்டில் 1600தான் தெரியும். இதைப் பார்த்துவிட்டு "அரைவாசி வேகம்" என்று கடையில் சண்டை பிடித்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன், நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.
2133க்கும் 3200க்கும் இடையிலான கதை வேறு. பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்ப முன்னர் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில், எக்ஸ்எம்பி (ராமின் கூடிய வேகத்துக்கான அமைப்பு) போட்டீர்களா?

சாவகச்சேரி_சட்டம்:
அண்ணை, அதென்ன கேள்வி. பெட்டியில் "பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி போட்டால் மட்டும் 3200" என்று எழுதியிருக்கிறதா? வாங்குகிற ஆளுக்கு பயோஸ் என்றால் என்ன என்றே தெரியாது. அமெரிக்காவில் இதே விசயத்துக்குத்தான் ராம் விற்கும் கோர்செயார் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், விளம்பரப்படுத்திய வேகம் பெட்டியைப் பிரித்துப் பூட்டினவுடன் வருவதில்லை, பயனரே அமைப்பை மாற்றவேண்டியிருக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. 2025இல் 55 லட்சம் டொலர் கொடுக்கச் சம்மதித்துத்தான் அதை முடித்தார்கள். அங்கே பெரிய நிறுவனமே காசு கட்டுகிறது, இங்கே கடைக்காரர் போனை வைக்கிறார்.

பழைய_சோல்டர்:
காசு கட்டினார்கள், ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. இணக்கத்தில் முடிந்த வழக்கைத் தீர்ப்பு மாதிரிக் காட்டக்கூடாது.
மெமரிக்கு ஜெடெக் என்ற அமைப்பு நியமம் வைத்திருக்கிறது. அந்த நியமத்துக்குள்ளேயே 3200 இருக்கிறது, 1.2 வோல்ட், சிஎல்22 (சிஎல் என்பது தாமதக் கணக்கு) என்று வரும் சாதாரண ராம் அது. போர்டும் சிபியுவும் இடம் கொடுத்தால் பூட்டினவுடன் 3200 ஓடும். இன்னொரு வகை, 1.35 வோல்ட், சிஎல்16 என்று ஸ்டிக்கரில் இருக்கும். அதை முதலில் பூட்டும்போது எந்தப் போர்டிலும் எழும்பவேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பான ஒரு குறைந்த வேகத்தில் தொடங்கும், மேலதிக வேகம் எக்ஸ்எம்பி என்ற பெயரில் ராமிலுள்ள சின்னச் சிப் ஒன்றில் பதிந்திருக்கும், பயோஸில் போட்டுவிட்டால் சரி. தம்பி, ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது? போர்ட் என்ன, சிபியு என்ன?

கொக்குவில்_எடிட்டர்:
ஸ்டிக்கர்: பிசி4-25600, சிஎல்16, 1.35வி. சிபியு-இசட்டில் எஸ்பிடி பக்கத்தில் (அந்தச் சின்னச் சிப்பில் பதிந்திருப்பது) ஜெடெக் நிரல்களில் ஆகக் கூடியது 1066, கடைசி நிரலில் எக்ஸ்எம்பி-3200 என்று கிடக்கிறது. சிபியு ஐ5-10400, போர்ட் எச்410.

வல்வெட்டி_லினக்ஸ்:
25600 என்பது 3200ஐ 8ஆல் பெருக்கினது, அதாவது ஒரு ராம் குச்சிக்குச் செக்கனுக்கு 25600 மெகாபைட். ஸ்டிக்கர் கணக்கு சரி. ஆனால் ஸ்டிக்கரையும் எஸ்பிடியையும் நம்பி முடிவு கட்டக்கூடாது, எஸ்பிடியைத் திரும்ப எழுதுகிற மென்பொருள்களும் இருக்கின்றன, மலிவான ராமுக்கு நல்ல பெயரும் நல்ல வேகமும் எழுதிவிடலாம். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை அடித்தால் குச்சி சொல்லிக்கொள்ளும் வேகமும் இப்போது ஓடுகிற வேகமும் வேறு வேறு வரியில் வரும், அதுவும் எழுதிவைத்ததை வாசிப்பதுதான். உண்மையான சோதனை அந்த வேகத்தில் ஓட்டி, மெம்டெஸ்ட்86 என்ற மெமரிச் சோதனை போட்டு, ஒரு பிழையும் வராமல் முடிகிறதா என்று பார்ப்பது. இரவு போட்டுவிட்டுப் படுங்கோ.

பழைய_சோல்டர்:
அதை உந்தப் போர்டில் செய்ய ஏலாது. எச்410, அதுவும் 10400 உடன், 2666க்கு மேல் போகாது. எக்ஸ்எம்பி போட்டாலும் அங்கேதான் நிற்கும். இன்டெல் வைத்த எல்லை அது, ராமுக்கும் கடைக்கும் அதில் வேலை இல்லை.

சாவகச்சேரி_சட்டம்:
பிடிபட்டது பாருங்கோ! அப்படியென்றால் அந்தப் போர்டுக்கு 3200 ராம் விற்றதே பிழை. என்ன போர்டுக்குப் பூட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வியாபாரி ஏமாற்றும் விதமாகவோ தவறாக வழிநடத்தும் விதமாகவோ நடக்கக்கூடாது என்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அடித்து முறைப்பாடு கொடுங்கோ.

பழைய_சோல்டர்:
மோட்டர்சைக்கிள் மீட்டரில் 160 என்று இருக்கிறது, ஏ9 வீதியில் ஓட விடுகிறார்கள் இல்லை என்று கொம்பனியில் போய் முறையிடுவீர்களா? ஆள் வந்து 3200 தா என்று கேட்டால் கடைக்காரர் 3200 கொடுப்பார்.

சாவகச்சேரி_சட்டம்:
160 என்று சொல்லி ஒருவரும் மோட்டர்சைக்கிள் விற்பதில்லை அண்ணை. ராமுக்கு அந்த இலக்கம்தான் விளம்பரமே. தெரிந்துகொண்டு சொல்லாமல் இருப்பதும் ஏமாற்றுத்தான், ஐசே.

கொக்குவில்_எடிட்டர்:
எக்ஸ்எம்பி போட்டேன். அண்ணை சொன்னது போல 2666இல் நிற்கிறது, சிபியு-இசட்டில் 1333. ஐடா64 என்ற சோதனை மென்பொருளில் வாசிப்பு வேகம் முன்னர் செக்கனுக்கு 30 ஆயிரத்துச் சொச்சம் மெகாபைட், இப்போது 38 ஆயிரத்துக்குக் கிட்ட.

வல்வெட்டி_லினக்ஸ்:
அது நல்ல இலக்கம். இரட்டைச் சானலில் (இரண்டு குச்சிக்கும் தனித்தனிப் பாதை) 2133க்கு ஏட்டுக் கணக்கு செக்கனுக்கு 34 ஜிபி, 2666க்கு 42.6 ஜிபி, நடைமுறையில் எப்போதும் அதற்குக் கொஞ்சம் கீழேதான் வரும். 20 ஆயிரத்துக்குக் கீழே வந்திருந்தால் இரண்டு குச்சியும் ஒரே சானலில் பூட்டப்பட்டிருக்கு என்று அர்த்தம், அது ராமின் வேகத்தைவிடப் பெரிய இழப்பு, நிறையப் பேர் கவனிப்பதில்லை.
தாமதத்தையும் பாருங்கோ. சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் பிரித்தால் நானோசெக்கன் வரும். 3200 சிஎல்16 என்றால் 10, இப்போது 2666 சிஎல்16 என்றால் 12, 2133 சிஎல்15 என்றால் 14. சாதாரண ஜெடெக் 3200 சிஎல்22க்கு 13.75, அதாவது பெட்டியில் அதே 3200 இருந்தும் இந்த விசயத்தில் உங்கட பழைய 2133உடன் கிட்டத்தட்ட ஒன்று!

பழைய_சோல்டர்:
இன்னொன்று, இங்கே முக்கியம். இடி மின்னல் நேரத்தில் எல்லாரும் பிளக்கைக் கழற்றிவிடுகிறோம். போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டரி செத்திருந்தால் கழற்றிப் பூட்டினவுடன் பயோஸ் பழைய நிலைக்குப் போய்விடும், எக்ஸ்எம்பியும் போய்விடும், ராம் திரும்ப 2133. அதைப் பார்த்துவிட்டு ராம் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். நேரம் திகதி பிழையாகக் காட்டினால் முதலில் பட்டரியை மாத்துங்கோ.

கொக்குவில்_எடிட்டர்:
நேரம் சரியாகத்தான் இருக்கிறது. சிநேகிதன் ஒருவனிடம் ரைசன் 5 3600, பி450 போர்ட் இருக்கிறது, இரண்டு குச்சியையும் அதில் பூட்டி எக்ஸ்எம்பி போட்டோம். 3200 பிடித்தது. மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடி ஒரு பிழையும் இல்லை.

பழைய_சோல்டர்:
அப்போ சாமான் சுத்தம். 3200 என்று சொன்னது 3200 ஓடுகிறது. வேறென்ன வேண்டும்?

சாவகச்சேரி_சட்டம்:
அவருடைய மெசினில் ஓடவேண்டும், சிநேகிதனுடைய மெசினில் ஓடி என்ன பயன்? 2666 ராம் கேட்டிருந்தால் கொஞ்சமாவது காசு மிஞ்சியிருக்கும். திருப்பிக் கொடுத்து மாத்தித் தரச் சொல்லுங்கோ, வேகம் பில்லில் எழுதியிருக்கும்தானே?

கொக்குவில்_எடிட்டர்:
பில்லைப் பார்த்தேன். "ராம் 8 ஜிபி x 2" என்று மட்டும்தான் இருக்கிறது, வேகமும் இல்லை, சீரியல் இலக்கமும் இல்லை. வாறன்டி ஸ்டிக்கர் மட்டும் குச்சியில் ஒட்டியிருக்கிறது.

சாவகச்சேரி_சட்டம்:
பெட்டி இருக்கிறதுதானே, அதை எறிய வேண்டாம். நாளைக்கு அதையும் கொண்டு கடைக்குப் போய் வேகத்தையும் சீரியலையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கோ, மறுத்தால் பிறகு 1977.

பழைய_சோல்டர்:
எழுதுவிக்கிறது நல்லது, அதில் எனக்கும் சம்மதம். மாத்தச் சொல்லிக் கேட்க வேண்டாம், போர்டை மாத்துகிற காலத்தில் அதே ராம் 3200இல் ஓடும்.