புதுப்பிப்பு: வீட்டில் கிட்டார் வாசிக்க வால்வு ஆம்ப்ளிஃபயரா, டிரான்சிஸ்டரா?

40 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது), 20 வாட் டிரான்சிஸ்டர் இரண்டில் எது வீட்டுக்குப் பொருந்தும் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. டிரான்சிஸ்டரையே வாங்கிவிட்டேன், ஒருமுறை கைமாறியது, 10 அங்குல ஸ்பீக்கர்.

முடிவுக்குக் கொண்டுவந்தது ஒரே யோசனைதான்: உங்கள் கிட்டாரையே எடுத்துச் சென்று, இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். முதலில் வால்வுதான் என்னை மயக்கியது. அளவைச் சமப்படுத்தியதும் வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. சற்று உரக்க ஒலிப்பதையே காது சிறந்ததாக எடுத்துக்கொள்கிறது! வால்வின் அந்த இனிய கரகரப்பும் ஒலியை நன்றாகக் கூட்டினால்தான் வருகிறது. குழந்தை உறங்கும் வீட்டில் அதற்கு வழியில்லை. வாட் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, அதாவது காதுக்குச் சற்றே கூடுதல் ஒலி என்று ஒருவர் எழுதியதால், 20 வாட் போதாதோ என்ற கவலையும் தீர்ந்தது.

எதிர்பாராத ஒன்று. வீட்டுக்கு வந்ததும் ஒலி மந்தமாக இருந்தது, மனம் உடைந்துபோனேன். காரணம், தரையில் வைத்திருந்தேன். நாற்காலியில் ஏற்றி ஸ்பீக்கரைக் காதுக்கு நேராகத் திருப்பியதும் மேல் சுரங்கள் தெளிந்தன, அடித்தொனியின் முழக்கம் அடங்கியது. என் பழைய சிறிய ஆம்ப்ளிஃபயரையும் அப்படியே உயர்த்திவைத்துப் பார்த்தேன். அதுவும் கணிசமாக மேம்பட்டது. புதிது வாங்கும் முன், இருப்பதை இப்படி உயர்த்திவைத்துக் கேட்டுப் பாருங்கள்.