‘பிரிமிட்டிவ்’ மூலத்துக்குத் தமிழ் என்ன?

அன்புடைய குழுவினருக்கு வணக்கம். இளநிலைக் கணிதப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கலப்பெண் இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘ஒன்றின் 12ஆம் படி மூலங்கள்’ (12ஆம் அடுக்கு 1 ஆகும் எண்கள்) என்பது வரை இடர்ப்பாடு இல்லை. அலகு வட்டத்தில் 30 பாகைக்கு ஒன்றாக நிற்கும் அந்தப் பன்னிரண்டில், 30, 150, 210, 330 பாகைகளில் உள்ள நான்கு மட்டும் தம் அடுக்குகளாலேயே மற்ற அனைத்தையும் தந்துவிடுகின்றன. பிரிமிட்டிவ் எனப்படும் இந்த நான்கையும் ‘தொடக்க மூலம்’ என்று எழுதியிருந்தேன். தட்டச்சு செய்தவர் சிரித்துவிட்டு, “முற்றிய மூலத்துக்கும் பாடம் உண்டா?” என்று கேட்டார். ‘முதன்மை மூலம்’ அல்லது ‘சிறப்பு மூலம்’ எனலாமா?
– மொழிபெயர்ப்பாளர்

ஐயா, ‘முதன்மை’ வேண்டாம். முதன்மை வீச்சு (கலப்பெண்ணின் பல கோணங்களுள் தேர்ந்துகொள்ளும் ஒன்று) படித்த மாணவர் ‘ஒன்றின் முதன்மை மூலம்’ என்றால் 1 என்றே விடை எழுதுவார். எத்தனை முறை பெருக்கினாலும் தன்னைத் தவிர வேறொன்றையும் தராத 1தான் நீங்கள் தேடுவதற்கு நேர் எதிரானது. ‘சிறப்பு’ம் பொருந்தாது. கணித அறிஞர் காவுஸ் 1796இல் பதினேழு பக்க ஒழுங்குப் பல்கோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று கண்டாரல்லவா, அதன் முனைகளாக நிற்கும் 17ஆம் படி மூலங்களில் 1 நீங்கலாகப் பதினாறும் இவ்வகையே. எல்லாரும் சிறப்பு விருந்தினர் என்றால் பந்தியில் யார் உட்காருவது?

வகுப்பில் நான் கடிகாரம் வரைவேன். பன்னிரண்டு மணிகளும் அந்தப் பன்னிரண்டு மூலங்கள்; ஒரு மூலத்தால் ஒருமுறை பெருக்குவதே ஒரு தாவல். 12இல் தொடங்கி ஐந்தைந்து மணியாகத் தாவினால் 5, 10, 3, 8, 1, 6, 11, 4, 9, 2, 7 என்று ஓர் எண்ணும் விடாமல் தொட்டு 12க்குத் திரும்பலாம். நான்கு நான்காகத் தாவினால் 4, 8, 12 என்று மூன்றே தாவலில் முடிந்துவிடும். ஆகவே ‘முழுச்சுற்று மூலம்’ என்பது என் பரிந்துரை.
– கணித ஆசிரியை

மூலம் வடசொல் என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். முதலை வாயில் அகப்பட்ட யானை ‘ஆதிமூலமே’ என்று அழைத்தது போதும். நமக்கு ‘வேர்’ இருக்கிறது. மற்றவற்றை ஈனும் வேர் ‘ஈன்வேர்’. ஊறுகாய் போல வினைத்தொகையாதலால் முக்காலத்துக்கும் பொருந்தும். மேலும் வேர் என்பதே ‘விரி’ என்பதன் வழிவந்தது என்பது என் நெடுநாள் துணிபு. ஒன்றிலிருந்து பன்னிரண்டும் விரிவதை அச்சொல்லே காட்டி நிற்கிறது.
– தனித்தமிழ் அன்பர்

‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியர் சொன்னதை அன்பருக்கு நினைவூட்டுகிறேன். வர்க்கமூலம், கனமூலம் என்று படித்து வந்த பிள்ளைக்கு இந்த ஓரிடத்தில் மட்டும் வேரை நட்டால் முளைக்காது. ‘முழுச்சுற்று’ம் இடறுகிறது: ஆசிரியை அம்மா காட்டிய ஐந்து மணித் தாவல் 12க்குத் திரும்புவதற்குள் முள் ஐந்து சுற்றுச் சுற்றிவிடுகிறதே, மாணவர் ஒரு சுற்று என்றல்லவா எண்ணுவர்? இலங்கையில் நாங்கள் பகா எண்ணையே முதன்மை எண் என்போம் என்பதால் ‘முதன்மை’ எங்களுக்கு இருமடங்கு குழப்பம். குலக் கோட்பாட்டில் தன் அடுக்குகளால் மற்றவற்றைத் தரும் உறுப்புக்குப் ‘பிறப்பாக்கி’ என்ற சொல் ஏற்கெனவே வழங்குவதால், ‘பிறப்பாக்கும் மூலம்’ என்றால் அடுத்த இயலுக்கும் உதவும்.
– யாழ்ப்பாணத்திலிருந்து

அனைவருக்கும் நன்றி. வேறு வழி தோன்றாததால் ‘பிறப்பாக்கும் மூலம்’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். தாவும் எண்ணும் 12உம் சார்பகா எண்களாக (1 தவிர வேறு பொது வகுஎண் இல்லாதவையாக) இருக்கவேண்டும் என்பதைக் கடிகாரப் படத்துடன் அடிக்குறிப்பில் சேர்த்துள்ளேன். ஆசிரியை அம்மாவும் அரைமனதாக ஒப்பினார்.
– மொழிபெயர்ப்பாளர்

‘பிறப்பாக்கும்’ என்பதில் ஏழு எழுத்து, ‘ஈன்’ என்பதில் இரண்டே. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘விரி’யைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– தனித்தமிழ் அன்பர்